கெண்டை குடியேறிய கால்

அந்தக் காலத்தில், மீனும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, மனிதருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பும் தோலும்தான். நடக்கலாம், ஓட முடியாது, குதிகாலை உயர்த்தி எம்ப முடியாது. நரிகூட நம்மை நிதானமாகத்தான் துரத்தும்.

ஒரு கோடையில் காட்டாறு வற்றிப்போனது. மணலில் ஊற்றுத் தோண்டப் போன சடைச்சி, கடைசிக் குட்டையில் ஒரு ஜோடிக் கெண்டை வாய் பிளந்து கிடப்பதைக் கண்டாள்.

"ஆத்தா, தண்ணி வர்ற வரைக்கும் உன் காலுக்குள்ள இருந்துக்கிறோம். வந்ததும் இறக்கி விட்டுரு," என்றது பெண் கெண்டை.

சடைச்சி இளகிய மனசுக்காரி. "சரி, வாங்க," என்று காலை நீட்டினாள். வலிக்கவில்லை. ஆளுக்கொரு காலாகத் தோலுக்கடியில் ஈரமாக நழுவி ஏறி, பின்பக்கமாய்ப் படுத்துக்கொண்டன. எழுந்தவள் தன்னையறியாமல் எம்பினாள். பிறகு ஓடினாள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

ஆடி பிறந்தது. மகள் செல்லி ஆற்றுமணலில் விளையாடிக்கொண்டிருந்தபோது மேற்கிலிருந்து வெள்ளம் இரைந்துகொண்டு வந்தது. சடைச்சி பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினாள்.

"தண்ணி வந்திருச்சு ஆத்தா. இறக்கி விடு," என்றது கால்.

இறக்கினால் கால் குச்சியாகிவிடும், பிள்ளை போய்விடும். ஓடிக் கரையேறினாள். அதுவரை அவள்மேல் குற்றமில்லை.

கரையில் நின்றபோது கால் மறுபடியும் கேட்டது. சடைச்சி வெள்ளத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். ஓடிப் பழகிய காலை விட மனம் வரவில்லை.

"நாளைக்கு," என்றாள்.

மறுநாளும் அதையே சொன்னாள். கெண்டைகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயின. பேச்சு நின்றதும் தொல்லை விட்டது என்று நினைத்தாள், பாவி.

ஒருநாள் நல்ல வெயிலில் குளிக்க இறங்கினாள். தண்ணீர் மார்பளவு வந்ததும் இரண்டு கால்களுக்குள்ளும் கெண்டைகள் துள்ளிப் புரண்டன. சதை கல்லாக இறுகியது. பாதம் கீழ்நோக்கி வளைந்தது. கத்தவும் நேரமில்லை. கெண்டைகள் தம் வீட்டுக்குப் போயின, அவளையும் கூட்டிக்கொண்டு.

கரையில் காத்திருந்த செல்லி, எட்டிக் குதிகாலை உயர்த்தி அம்மாவைத் தேடினாள். எந்த மீனும் ஏறாத அவளுடைய கால்களின் பின்னாலும் இரண்டு மேடுகள் அசைந்தன.

அன்று முதல்தான் அந்த இடத்துக்குக் கெண்டைக்கால் என்று பெயர். உடம்பில் தண்ணீர் குறையும்போதெல்லாம் அது புரண்டு கேட்கிறது, நாமும் கால்விரலைப் பிடித்து இழுத்து, அதை உள்ளேயே அடக்கி வைக்கிறோம்.