மூன்று கேமராவிலும் இருந்த சத்தம்

“மூணு கேமரா, மூணு கல்யாணமா இருக்கு குருவே” என்றார் பால்வண்ணன்.

குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு நாற்பத்தாறு.

பால்வண்ணன் தென்காசியில் கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்ததை ஒன்றாகச் சேர்க்கக் கற்றுக்கொள்ள, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஹமீதாவின் எடிட்டிங் அறைக்கு மாடி ஏறி வருவார்.

“என் கேமராவுல தாலி ஏறுது. ஓரத்து ஸ்டாண்டு கேமராவுல ஐயரு இன்னும் தேங்காயத் தேடுதாரு. மாப்பிள்ளைத் தோழன் செல்போன்ல பாத்தா, பாதிப் பேரு பந்திக்கே போயாச்சு. சேலை வேற ஒண்ணுல சிவப்பு, ஒண்ணுல கத்திரிப்பூ, ஒண்ணுல சாம்பார்.”

“நிறத்தை அப்புறம் பாப்போம்ண்ணே. முதல்ல நேரம். ஆரம்பத்துல கை தட்டினீங்களா?”

எல்லாக் கேமராவையும் ஓடவிட்டு, நடுவில் நின்று பலமாக ஒரு தட்டு. பிறகு அந்தத் தட்டை ஒரே கோட்டில் நிறுத்தினால் போதும், எல்லாம் சேர்ந்துவிடும். ஹமீதாவின் முதல் பாடம் அது.

“மறந்துட்டேன்.”

“நாலு மணிக்குப் பொண்ணோட அப்பா வாராரே.”

“அவரு போன்ல பேசுனதக் கேட்டியளா?” பால்வண்ணன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஊரில் அவர் பேசிக் காட்டாத குரல் கிடையாது. “‘தாலி கெட்டுனத நான் பாக்கல தம்பீ... வீடியோவுலயாவது பாத்துக்கிடுதேன்...’”

நடுவில் வரும் இருமல்கூட அச்சு அசல் பெண்ணின் அப்பா ஆவுடையப்பன்.

“பெத்த பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போது எங்க போனாராம்? பந்தியில முத இலையப் பிடிச்சிருப்பாரு!”

ஹமீதா சிரிக்கவில்லை.

“மூணுலயும் இருக்கிற ஒரே ஒரு சத்தத்தைத் தேடுங்க” என்றாள்.

தேடினார்.

கெட்டிமேளம் மூன்றிலும் இருந்தது. ஆனால் திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் அது வெட்டிவிட்ட புல் மாதிரி ஒரே உயரம். எந்த அடிக்கு எந்த அடி ஜோடி?

ஐயரின் மந்திரம் செல்போனுக்கு எட்டவே இல்லை.

ஒரு பலூன் வெடித்தது. இரண்டில்தான் இருந்தது.

மணி மூன்றரை ஆனபோது, வீடியோவில் கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால், மூன்று கோட்டிலும் முள்ளாக ஒன்று நிமிர்ந்து நின்றது.

“மாட்டுச்சு! எவனோ நமக்காகவே கத்தியிருக்கான் குருவே. புண்ணியவான்!”

மூன்று முள்ளையும் நேராக நிறுத்தினார். திரையை மூன்றாகப் பிரித்து ஓடவிட்டார்.

“ஓய் பெருசு! தள்ளும்வே, மறைக்கீரு!”

அச்சு அசல் பால்வண்ணன்.

முதல் கட்டத்தில், அவருடைய கேமராவின் ஓரமாய் இருந்த ஒரு வெள்ளைச் சட்டைத் தோள் விலகியது. தாலி பளிச்சென்று தெரிந்தது. அந்தக் காட்சியைத்தான் கடை விளம்பரத்துக்குப் போடலாமென்று வைத்திருந்தார்.

இரண்டாவது கட்டத்தில், அந்தத் தோளுக்கு முகம் இருந்தது. ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். மன்னிச்சிக்கோங்க என்பதுபோல் கையைத் தூக்கினார். ஒரு எட்டு பின்னால் போனார். இன்னொரு எட்டு. அவர் நின்ற இடத்தில் யாரோ ஒரு சித்தப்பா வந்து நின்றுகொண்டார்.

மூன்றாவதில் அவருடைய முதுகு. குதிகாலைத் தூக்கி எட்டி எட்டிப் பார்த்தார். முன்னால் தலை, தலை, தலை. எல்லார் கையிலிருந்தும் அட்சதை பறந்தது.

மேளம் நின்றது. அவர் கை இன்னும் மூடியே இருந்தது. விரலிடுக்கில் மஞ்சள் அரிசி.

மூன்றும் மயிரிழைகூடப் பிசகாமல் ஒன்றாக ஓடின.

பால்வண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். ஹமீதாவின் பக்கம் திரும்ப முடியவில்லை.

“அந்தச் சத்தத்த... எடுத்துரலாமா?”

“எடுங்கண்ணே.”

எடுத்தார். அந்த இடத்தில் நாதஸ்வரத்தை இழுத்து நிரப்பினார். மறுபடி ஓடவிட்டார்.

நாதஸ்வரம் இனிமையாக ஒலித்தது. ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

“இப்பவும் பின்னாலதான் போறாரு” என்றாள் ஹமீதா.

படியில் செருப்புச் சத்தம். பிறகு அந்த இருமல்.

பால்வண்ணன் எழுந்தார். திரைக்கு நேராக இருந்த தன் நாற்காலியைத் துண்டால் தட்டினார். பின்னால் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

“உள்ள வாங்கப்பா” என்றாள் ஹமீதா. “நாற்காலி இருக்கு.”

“இருக்கட்டும்மா.” ஆவுடையப்பன் கதவோரமாகவே நின்றுகொண்டார். “நான் இங்கன நின்னு பாத்துக்கிடுதேன். தம்பிக்கு மறைச்சிரக் கூடாதுல்லா.”