முட்டையிட்டதும் கேறிய பேச்சி

கரட்டுக் காட்டில், ஓடைக்கரை ஓரமாக, பேச்சி என்ற காட்டுக்கோழி இருந்தாள். உடம்பு கைப்பிடி அளவுதான். தொண்டை மட்டும் பெரிது.

முட்டையிட்டதும் கேறுவது காட்டுக்கோழிகளின் வழக்கம். "கெக்கெக்கெக்கே... கெக்கே!" என்று நான்கு திசைக்கும் சொல்லிவிட்டுத்தான் இரை பொறுக்கப் போவார்கள். கேறாமல் வைத்த முட்டை பொரிக்காது என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. பேச்சி கேறினால் அக்கரையில் தூங்குகிற முயல்கூட எழுந்து உட்காரும்.

போன மழைக்கு மூக்காயி என்ற காட்டுப்பன்றி ஒன்பது குட்டிகளோடு அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தாள். மூக்கை மண்ணுக்குள் விட்டு அவள் ஒரு தள்ளு தள்ளினால் போதும், அந்த இடம் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். கிழங்கெல்லாம் அவளுக்கு. வெளியே வந்து நெளிகிற மண்புழுவும் கரையானும் பேச்சிக்கு.

"மதினி வந்ததுல எனக்குக் கால் வலியே போச்சு! மண்ணைச் சீய்க்கவே வேண்டாம்!" என்று பேச்சி பூரித்துப்போனாள்.

"நல்லா சாப்பிடு மதினி! நீ நல்லா சாப்பிட்டாத்தானே முட்டை நல்லா இருக்கும்!" என்றாள் மூக்காயி.

எவ்வளவு அக்கறை என்று பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்துப் புதரில் தவமணி என்ற கௌதாரி குடியிருந்தாள். இரண்டு தரம் முட்டை வைத்தாள். இரண்டு தரமும் காணாமல் போய்விட்டது.

"பேச்சி, போன வருஷம் இந்தக் கரையில கால் வைக்க இடமில்லாம குஞ்சுங்க ஓடிச்சு. இந்த வருஷம் ஒரு குஞ்சு சத்தமாவது கேட்டியா?" என்று அவள் கேட்டாள்.

"கீரி தின்னிருக்கும்டி."

"கீரிக்குக் குளம்பு உண்டா? என் கூட்டைச் சுத்திக் குளம்புத் தடம்தான் கிடக்கு!"

"சும்மா மதினியைச் சொல்லாதே! அவ கிழங்கு தின்கிறவ!" என்று பேச்சி சிலிர்த்துக்கொண்டாள்.

பேச்சி சூரைப்புதருக்கு அடியில், சருகைக் கூட்டி, நாளுக்கு ஒன்றாக ஐந்து முட்டை வைத்தாள். ஐந்து நாளும் வாய் நிறையக் கேறினாள். ஐந்தாம் நாள் கேறிவிட்டு, தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனாள். திரும்பி வந்தால் புதரே இல்லை! வேரோடு புரண்டு கிடந்தது. மண்ணில் ஓட்டுத் துண்டுகள் மினுங்கின.

பேச்சி ஓட்டமும் பறத்தலுமாக மூக்காயியிடம் போனாள்.

"மதினி! என் முட்டை போச்சு மதினி! அஞ்சும் போச்சு!"

"அடப் பாவமே!" மூக்காயி அவசரமாக வாயைத் துடைத்தாள். "பாம்பா இருக்கும் மதினி. காலம் கெட்டுக் கிடக்கு."

அவள் காலடியில் நின்ற கடைசிக் குட்டி நிமிர்ந்து பார்த்தாள். "எந்த முட்டைம்மா? இப்ப கெக்கெக்கேனு சத்தம் கேட்டதும் ஓடினோமே, அதுவா?"

"வாயை மூடுடி!"

"நீதானே சொன்னே, அந்தம்மா கூப்பிடுற நேரம் பார்த்துப் போனா சூடா இருக்கும்னு!"

மூக்காயி மூக்கை மண்ணுக்குள் விட்டுக்கொண்டு, ரொம்ப வேலை இருப்பவள் போல அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

பேச்சி தவமணியிடம் வந்து தலையைத் தொங்கப் போட்டாள். "திருடி அவதான். வழி காட்டினது நான்."

தவமணிக்கும் கோபம் வந்தது. உன் பக்கத்தில் குடியிருந்ததால்தான் என் கூடும் போயிற்று என்று சொல்ல வாய் வரை வந்தது. பேச்சியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

"அழுதது போதும். மழைக்கு முன்னால இன்னும் ஒரு ஈடு முட்டை வைப்பியா, மாட்டியா?"

"வைப்பேன். ஆனா அதுதான் கடைசி. அதுவும் போச்சுன்னா இந்த வருஷம் எனக்குப் பிள்ளையே இல்ல."

"அப்ப இந்தத் தடவை கேறாதே!"

"கேறாட்டி பொரிக்காதேடி!"

"கேறினா மிஞ்சாதேடி!"

பேச்சி புது இடம் தேடிக் கிளம்பினாள்.

பாறைக்குப் பின்னால், ஒரு காரைச்செடிக்குள் புதுக்கூடு போட்டாள். முதல் முட்டை வந்தது. வெள்ளையாக, உருண்டையாக, அவ்வளவு அழகு! உடனே தொண்டையில் கெக்கே ஏறி வந்துவிட்டது. பேச்சி ஓடிப்போய் சூரைப்பழத்தை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டாள். கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது.

"விழுங்கு! விழுங்கு!" என்று தவமணி அவள் முதுகைத் தட்டினாள்.

"க்க்கு..." என்று ஒரே ஒரு சின்னச் சத்தம். அதோடு போயிற்று.

மறுநாள் பேச்சி பாறைக்கு முன்னால் இரை பொறுக்கும்போது மூக்காயியே தேடி வந்தாள். "என்ன மதினி, சத்தமே காணோம்? உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"தொண்டை கட்டிருக்கு மதினி," என்றாள் பேச்சி. பாறைக்குப் பின்னால் இரண்டாவது முட்டை சூடாக இருந்தது. மூக்காயி காற்றை இரண்டு தரம் உறிஞ்சினாள். பேச்சி பாறைப் பக்கம் திரும்பாமல் இரை பொறுக்கினாள். நல்லவேளை, காற்று அவளிடமிருந்து கூட்டுப் பக்கமாக அடித்தது. மூக்காயி போய்விட்டாள்.

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு மோந்து கண்டுபிடிச்சிடுவா," என்று தவமணி நடுங்கினாள். "அந்த மூக்கு இருக்கிற வரைக்கும் நமக்கு நிம்மதி இல்ல."

பேச்சி யோசித்தாள். சத்தம் போடாமல் இருந்ததாலோ என்னவோ, வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றாக யோசித்தாள்.

"தவமணி, கேறணும்னுதானே வழக்கம்? கூட்டுப் பக்கத்திலதான் கேறணும்னு எந்தக் கோழி சொன்னா?"

மூன்றாம் நாள் முட்டையிட்டதும் பேச்சி அலகை இறுக மூடிக்கொண்டு ஓடினாள். ஓடையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, பள்ளத்துக்கு வந்தாள். அந்தப் பள்ளம் முழுக்கச் செந்தட்டி. பட்ட இடமெல்லாம் தீயாய் எரிகிற செடி. இறகு போர்த்திய கோழிக்கு அது ஒன்றும் செய்யாது. பேச்சி நடுவில் இருந்த கல்லில் பறந்து ஏறி நின்று, மூன்று நாள் பாக்கியையும் சேர்த்துக் கேறினாள்.

"கெக்கெக்கெக்கெக்கே... கெக்கே! கெக்கே!"

"தொண்டை சரியாயிடுச்சு! ஓடுங்க பிள்ளைகளா!" என்று மூக்காயி பாய்ந்து வந்தாள். பின்னால் ஒன்பதும் வந்தன. வந்த வேகத்தில் பத்து மூக்கும் செந்தட்டிக்குள் புகுந்தன.

"அய்யோ! அம்மா! எரியுதே!"

பேச்சி கல்லில் நின்று பார்த்தாள். "என்ன மதினி, முட்டை ரொம்ப சூடோ?"

மூக்காயிக்கு அப்போதும் புத்தி வரவில்லை. கூடு அங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்தாள். நான்காம் நாளும் அதே சத்தம் கேட்டு வந்தாள். ஐந்தாம் நாளும் வந்தாள். ஐந்தாம் நாள் மூக்கு பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மோப்பம் போயிற்று. மண்ணைத் தொட்டாலே உயிர் போகிற வலி. கிழங்கும் கிடையாது, முட்டையும் கிடையாது.

கடைசிக் குட்டி அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா, வேற காட்டுக்குப் போயிரலாம்மா! இந்தக் காட்டு முட்டை எரியுது!"

கரட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரி உண்டு. அந்தச் சேற்றில் மூக்கை வைத்தால் எரிச்சல் தணியும் என்று பத்துப் பேரும் வரிசையாகக் கிளம்பிப் போனார்கள்.

பேச்சி ஐந்து முட்டையின் மேல் உட்கார்ந்தாள். மூக்காயி இல்லாததால் கரையான் தானாக வெளியே வரவில்லை. பசித்தபோது அவளே சீய்த்துத் தின்றாள். கால் வலித்தது. அந்த வலி பிடித்திருந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் ஓடு கீறியது. ஐந்தும் பொரித்தன! பேச்சிக்குத் தொண்டை வரை கெக்கே வந்துவிட்டது. நான்கு பக்கமும் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்துபோய், தவமணியின் காதருகே குனிந்தாள்.

"பிறந்துட்டாங்க."

"என்ன? கேக்கல! கொஞ்சம் சத்தமா சொல்லேன்!"

"கேக்காட்டி போகுது. வந்து பாரு!"

தவமணி வந்து பார்த்தாள். அந்த வருஷம் ஓடைக்கரையில் கேட்ட முதல் குஞ்சுச் சத்தம் அதுதான். அந்த வாரமே தவமணியும் பக்கத்துப் புதரில் முட்டை வைத்தாள்.

நமக்கு வந்த சந்தோஷத்தை ஊருக்குச் சொல்வதற்கு முன்னால், அதை யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.