சாவாஸ் முழுங்குன வரிகள்

ஊரு முழுக்கப் பாறை. அந்தத் தீவுல மழை பேஞ்சா தண்ணி நிக்காது, விதைச்சா வேர் புடிக்காது. காத்துல முதுகு வளைஞ்ச நாலு அத்திமரம், முள்ளுச்செடியை மேயுற ஆடு, அவ்வளவுதான் நிலம் குடுத்தது. கிரேக்கக் கடல்ல இந்த மாதிரி எத்தனையோ தீவு கிடக்கு. ஆள வந்தவன் ஒவ்வொருத்தனும் மலை மேல கோட்டை கட்டுனான், வரி கேட்டான், போயிட்டான். ஒருத்தனாவது ஒரு கூடை மண்ணு கொண்டாந்து போட்டிருப்பானா? அதனால ஆம்பளைங்க ஈஸ்டர் முடிஞ்ச கையோட கடலுக்கு அடியில போயி கடல்பஞ்சு அறுத்தாங்க. எங்கேயோ பட்டணத்துல எவனோ முதுகு தேச்சுக் குளிக்கிறதுக்கு.

முங்குறவன் மாட்டிக்கிற செப்புத் தொப்பி, மூச்சு விடக் காத்துக் குழாய் எல்லாம் வர்றதுக்கு முந்தின காலம் இது. முங்குறவன் தட்டையான பளிங்குக்கல்லு ஒண்ணை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டுத் தலைகீழா குதிப்பான். கல்லு அவனை அடிக்குக் கொண்டுபோகும். கல்லுல கட்டுன கயிறு அவன் மணிக்கட்டையும் ஒரு சுத்து சுத்தியிருக்கும், மறுமுனை படகுல நிக்கிற கயிறுக்காரன் கையில. கீழேருந்து சுண்டுனா மேல இழுக்கணும்.

சுண்டலேன்னா? அதுதான் வம்பு. மூச்சு தீரப்போகுதுன்னு கீழ இருக்கிறவனுக்குத் தெரியாது. சுகமா இருக்குமாம், அப்படியே கண்ணு சொருகிடுமாம். அதுக்காகவே ஒரு வழக்கம். கல்லு இறங்குனதும் கயிறுக்காரன், கடல்ல போறவங்களைக் காக்குற புனித நிக்கோலாவுக்கான மன்றாட்டைச் சொல்ல ஆரம்பிப்பான். கடைசி வரி முடிஞ்சா, சுண்டுனாலும் சுண்டாட்டியும் இழுத்துடணும். எத்தனை தடவை சொல்றதுன்னு முங்குறவன்தான் சொல்லணும், உசுரு அவனோடது. எல்லாருமே ஒரு தடவைதான் சொல்லச் சொல்லுவாங்க.

சாவாஸ் கயிறுக்காரன். அவன் இழுத்தது சொந்தத் தங்கச்சி புருஷன் பாந்தெலிஸை. கல்யாணமான புதுசுல தங்கச்சி கலோத்தினா துறைக்கு வந்து, "அண்ணே, அவரைக் கீழ ரொம்ப நேரம் விட்டுடாத"ன்னா. இவனும் சரின்னுட்டான். சரின்னு சொல்ல என்ன செலவு?

சொன்னதைக் காப்பாத்த அவனுக்கு ஒரே வழிதான் தெரிஞ்சது. மன்றாட்டோட நடுவுல சில வரியை முழுங்குனான். பக்கத்துல எல்லாரும் பஞ்சை மிதிச்சு அது மேல இருக்கிற கருந்தோலைப் பிழிஞ்சுக்கிட்டு, அந்த நாத்தத்துல மூக்கைச் சுளிச்சுக்கிட்டு நிக்கிறப்ப, அடுத்தவன் ஜெபத்தை எவன் காது குடுத்துக் கேக்கப்போறான்? வருஷக்கணக்கா இப்படியே ஓடுச்சு.

மத்தவனுங்க மேல வந்து மூக்குல ரத்தம் ஒழுக மல்லாந்து கிடப்பானுங்க. பாந்தெலிஸ் வந்ததும் எந்திரிச்சு நின்னு, உங்க பொண்டாட்டிங்க சோறு போடுறாளுங்களா இல்ல தண்ணி ஊத்துறாளுங்களான்னு கிண்டல் பண்ணுவான். ஆனா அவன் கூடையிலதான் பஞ்சு கம்மி. அவன் யோசிச்சான்: முழு மன்றாட்டும் கீழ இருந்துட்டு வர்றேன், இன்னும் மூச்சு மிச்சமிருக்கு. அப்ப என் நெஞ்சுதான் பெருசு.

ஒரு நாள் சாவாஸ்கிட்ட வந்தான். "மச்சான், இனிமே ரெண்டு தடவை சொல்லு."

முடியாதுன்னான் சாவாஸ்.

"உன் பயத்துக்கு என் வீடு பட்டினி கிடக்கணுமா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நீ ஒரு நாளும் முழு மன்றாட்டுக்கு இருந்ததில்லடான்னு. சொன்னா என்ன ஆகும்? ஜெபத்துல திருடுனவன்னு படகே காறித் துப்பும், மச்சான் மூஞ்சியில முழிக்க மாட்டான். சாவாஸ் அதையும் முழுங்கிட்டான். "வேற ஆளைப் பாத்துக்கோ"ன்னான்.

பாந்தெலிஸ் இன்னொரு கயிறுக்காரன் ஸ்கேவோஸ்கிட்ட போனான். ஸ்கேவோஸ் மன்றாட்டுல ஒரு எழுத்தைக்கூட விடாதவன். ரெண்டு தாங்குமான்னு கேட்டான். ஒண்ணு முடிஞ்சும் எனக்கு மூச்சு மிச்சம் வருதுப்பான்னு பாந்தெலிஸ் சிரிச்சான். ஸ்கேவோஸ் ரெண்டு தடவையும் முழுசா சொல்லி முடிச்சுட்டுத்தான் இழுத்தான். மணிக்கட்டுல கயிறு சுத்தியிருந்ததால உடம்பாவது வந்துச்சு.

அடக்கம் முடிஞ்சதும் அந்தத் தீவுல இன்னொரு வழக்கம் உண்டு. செத்தவன் பொண்டாட்டி அந்தக் கயிறை எடுத்துக் கயிறுக்காரன் கையில குடுத்தா, அவன் மறுபடி கடலுக்குப் போகலாம். தரையில போட்டுட்டா, எந்தப் படகும் அவனை ஏத்தாது. அந்தப் பாறையில வேற என்ன பொழப்பு இருக்கு?

கல்லறைத் தோட்டத்துல ஸ்கேவோஸ் கையை நீட்டிக்கிட்டு நின்னான். கலோத்தினா கயிறைப் புடிச்சிட்டு அவனையே பாத்தா.

"எங்கண்ணன் இத்தனை வருஷம் அவரைக் கீறல் இல்லாம கொண்டாந்தான். நீ ஒரே நாள்ல கொன்னுட்ட."

சாவாஸ் அவ பக்கத்துலதான் நிக்கிறான். வாயைத் திறந்தா ஸ்கேவோஸ் பொழைப்பான், ஆனா தான் அன்னைக்குத் துறையில கேட்டதுலேருந்துதான் புருஷன் சாவு வந்துச்சுன்னு தங்கச்சிக்குத் தெரிஞ்சுடும். மூடிக்கிட்டா அவளாவது நிம்மதியா அழுவா. கயிறு அவ விரல்லேருந்து நழுவுது.

இப்ப சொல்லுங்க: இந்தச் சாவு யாரைச் சேரும்? சாவாஸ் வாயைத் திறக்கணுமா, வேண்டாமா?

விடை: கலோத்தினா தலையில போடாதீங்க. புருஷன் உசுரோட வரணும்னு கேக்குறது குத்தமா? பாந்தெலிஸைப் பேராசைக்காரன்னும் சொல்லாதீங்க. தன் மூச்சை அளக்க அவன்கிட்ட இருந்தது அந்த ஒரு மன்றாட்டு, அதை அவனுக்குத் தெரியாம ஒருத்தன் குட்டையாக்கி வச்சிருந்தான். ஸ்கேவோஸ், முங்குறவன் சொன்ன அளவைச் செஞ்சான். சாவு சாவாஸைத்தான் சேரும். சீக்கிரம் இழுத்ததை மன்னிச்சுடலாம். முழுசா சொன்னதா நம்ப வச்சதை மன்னிக்க முடியாது. ரெண்டு தடவை சொல்லுன்னு கேட்ட அன்னைக்காவது உண்மையைச் சொல்லியிருந்தா, பாந்தெலிஸ் இவன் கன்னத்துல நாலு விட்டுட்டு உசுரோட இருந்திருப்பான். அதனால திறக்கணும். "நான் வரியை முழுங்குனேன்"னு சொன்னாப் போதும். யாருக்காக முழுங்குனான்னு அவன் சொல்ல வேண்டியதில்ல, அது அவளுக்கே விளங்கும். அந்த வேதனையிலேருந்து தங்கச்சியை இனி எந்த அண்ணனாலயும் காப்பாத்த முடியாது. ஸ்கேவோஸை முடியும், அவன் கை இன்னும் நீட்டுனபடிதான் இருக்கு.