வாயாடி வேட்டி

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமா பேசிற்று, உடுத்திய துணியும் பேசிற்று. வெளுத்த துணி சாதுவாகக் கிடக்கும். அழுக்கு ஏற ஏறத்தான் அதற்கு வாய் நீளும். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யார்மேல் கண் என்று வீட்டுச் சங்கதி முழுவதையும் கொட்டிவிடும். ரகசியம் என்ற சொல்லே அப்போது ஊரில் இல்லை. இருந்துதான் என்ன பயன்?

வேலாத்தாளுக்கு ஒரே தம்பி, சடையன். ராசா அவனைச் சண்டைக்கு இழுத்துப் போனார். அவனோ தப்பி ஓடிவந்து அக்காள் வீட்டுப் பரண்மேல் பதுங்கிக்கொண்டான். பிடிபட்டால் தலை போய்விடும். அவன் வாயைக் கட்டிவிடலாம். சேறும் வியர்வையுமாக அவன் அவிழ்த்துப் போட்ட வேட்டியின் வாயை யார் கட்டுவது? மூலையில் கிடந்தபடி, சடையன் வந்துவிட்டான், பரண்மேல் இருக்கிறான் என்று அது விடிய விடிய முணுமுணுத்தது.

வெளுத்தால்தான் அடங்கும். தன் வெளுத்த சேலை ஒன்றைத் தம்பிக்குச் சுற்றிவிட்டு, வேட்டியைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள் வேலாத்தாள்.

ஆற்றின்மேல் பனி கலையவில்லை. பெண்கள் பாதி உறக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, சடையனைத் தேடி வந்த சேவகன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றான். திரும்பினால் சந்தேகம் வரும். வேட்டியை நனைத்துக் கல்லில் ஓங்கினாள்.

"சடை..." என்றது வேட்டி.

"உஸ்" என்று ஓர் அடி.

"பர..."

"உஸ்."

சேவகன் திரும்பினான். "ஏனம்மிணி, துணி என்னமோ சொல்லுதே?"

"அழுக்குத் துணிங்க. வாயும் அழுக்கு. பொம்பளைங்க நடுவுல நின்னு நீங்க கேக்கற பேச்சில்லீங்க."

அவன் நாணிப்போய்க் குதிரையின் காதைத் தடவினான். பக்கத்துக் கல்லில் இருந்த நாச்சக்காளுக்கு 'சடை' என்பது கேட்டிருந்தது. வேலாத்தாளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் துணியை ஓங்கி, அவளும் "உஸ்" என்றாள். அடுத்த கல்லிலும் உஸ். அதற்கடுத்ததிலும் உஸ். கரை நெடுக அந்த ஓசை எழ, தன்னைத்தான் தாலாட்டுகிறார்கள் என்று ஆறு நடை தளர்ந்தது. மீன்கள் இமை மூடின. அன்றைக்கு அவற்றுக்கு இமை இருந்தது, அது வேறு கதை. குதிரை நின்றபடியே தூங்கிற்று. அதன் கழுத்தில் சாய்ந்த சேவகன் குறட்டை விட்டான்.

வேட்டியை நாச்சக்காள் கையில் திணித்துவிட்டு வேலாத்தாள் வீட்டுக்கு ஓடினாள். சற்று நேரத்தில், முக்காடு போட்ட நெட்டைப் பெண் ஒருத்தி அசையாத தண்ணீரில் இறங்கி அக்கரைப் பனிக்குள் கரைந்து போனாள். அவளுக்கு மீசை இருந்ததைப் பார்த்தவர்கள் பார்க்காததுபோல் துவைத்தார்கள்.

வெளுத்த வேட்டியைக் கொடியில் போட்டதும் அது காற்றில் வாயை அசைத்து அசைத்துப் பார்த்தது. சொல் ஒன்றும் எழவில்லை. கரையில் இருந்த மற்றத் துணிகளும் அப்படியே.

அந்த உஸ்ஸில் அடங்கிய வாய் பிறகு அழுக்கு ஏறியும் திறக்கவில்லை. அன்று முதல்தான் துணிகள் பேச்சு வராமல் கொடியில் படபடக்கின்றன. துவைக்கிறவர்களும் எதற்கென்று தெரியாமலே அடிக்கு ஒரு "உஸ்" போட்டு, யாரையோ கரை சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.