உப்பளத்தில் ஒரு மோர்ப் பந்தல்

"மோரைக் கீழே ஊத்துறாளுக அம்மா!"

ரத்தினபாண்டி அண்ணாச்சி குடிசை வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றக்கூட மறந்துபோயிருந்தார்.

மணல்மேட்டு அம்மை கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள். அவரைவிட வயதில் இளையவள். மடம் கிடையாது, காவி கிடையாது, உண்டியல் கிடையாது. ஆனாலும் பாத்திரக்கடை முதலாளியான அண்ணாச்சி அந்த ஊரில் கையெடுத்துக் கும்பிடுவது அவள் ஒருத்தியைத்தான்.

"யாரு ஊத்துறா?"

"உப்பளத்துப் பொம்பளைங்கதான். ஆம்பளைங்க செம்பு செம்பாக் குடிக்கானுக. இவளுக உதட்டை நனைச்சுட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் மண்ணுல ஊத்திருதாளுக. நேத்து ஒருத்தி மயங்கி விழுந்தா. அப்பவும் குடிக்க மாட்டேங்கா."

போன கோடையில் அதே உப்பளத்தில் மயங்கிய ஒருத்தியை அவருடைய வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே தலை சாய்ந்துவிட்டது. இந்தக் கோடையில் இன்னொருத்தி சாகக் கூடாது என்றுதான் பந்தல் போட்டார்.

"கொழுப்பு அம்மா. அத்தனையும் கொழுப்பு. பந்தலைப் பிரிச்சுரப் போறேன்."

கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் சொல்லும் சொல்தான் அது. வாங்குகிறவன் வாய் திறக்காவிட்டால் கொழுப்பு. திறந்தால் நன்றி கெட்டவன்.

அம்மை கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"நாளைக்கு நானும் வாரேன்."

மறுநாள் இருவரும் உப்பளத்துக்குப் போனார்கள்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைப் பாத்திகள். கணுக்காலளவு நீரில் நின்று பெண்கள் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். அம்மை பந்தலிலிருந்து மோர்ப்பானையைத் தூக்கிவந்து நட்டநடு வரப்பில் வைத்தாள். ஒரு செம்பு மொண்டு அவரிடம் நீட்டினாள்.

"குடியும்."

குடித்தார். இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்ட மோர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இன்னொரு செம்பு."

"போதும் அம்மா."

"உம்ம மோருதான? நல்லாத்தான இருக்கு? குடியும்."

குடித்தார். மறுபடியும் நீட்டினாள். மறுபடியும் குடித்தார். குருவின் கையைத் தட்டிவிட முடியுமா?

"இது என்ன பூசை அம்மா?"

"வேலை விடுற சங்கு ஊதுற வரைக்கும் இந்த வரப்பிலேயே நில்லும்."

நின்றார். வெயில் ஏறியது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். பிறகு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சுற்றிப் பார்த்தார். மரம் இல்லை, சுவர் இல்லை, ஒரு புதர்கூட இல்லை. தூரத்து உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்றால் அங்கே லாரியும் சுமைதூக்கும் ஆட்களும்.

"அண்ணாச்சி ஏன்டி கோலாட்டம் ஆடுதாரு?" என்றாள் பாத்தியில் நின்ற ஒருத்தி.

"பந்தல் திறப்பு விழாடி. கச்சேரி வேணாமா?" என்றாள் பக்கத்தில் நின்ற இசக்கி. சிரிப்பு வரப்பு வரப்பாகப் பரவியது.

அண்ணாச்சி அம்மையிடம் குனிந்தார்.

"நான் ஊர்ப் பக்கம் போயிட்டு ஓடி வந்துருதேன்."

"பாத்தியை விட்டுப் போனா அரை நாள் கூலி போச்சு. கங்காணி வச்ச சட்டம்."

"எனக்கு ஏதும்மா கங்காணி?"

"இன்னைக்கு நான்தான்."

மூத்தவளான சந்தனமாரி பலகையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"என்னத்துக்குக் கூச்சம் அண்ணாச்சி? நீரு ஆம்பளை. அப்படி ஓரமாத் திரும்பி நின்னாப் போச்சு."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. காலையிலிருந்து அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

"அப்போ நீங்கள்லாம்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

பதில் அவருடைய அடிவயிற்றிலேயே இருந்தது.

அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அவள் வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தனை பெண்கள் நடுவில் ஓரமாகப் போய் நிற்கவும் அவருக்கு மனம் வரவில்லை. அசையாமல் நின்றார். கண் கலங்கிவிட்டது.

சந்தனமாரி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு குரல் கொடுத்தாள்.

"ஏ பிள்ளைகளா! எல்லாரும் கடலைப் பாருங்க!"

பலகைகள் நின்றன. உப்பளத்துப் பெண்கள் அத்தனை பேரும் கடல் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அம்மையும் எழுந்து அவர்களோடு திரும்பி நின்றாள்.

அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வந்து பார்த்தபோது எல்லோரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். வெயில் அவர்கள் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது.

அவர் தொண்டையைச் செருமினார்.

"திரும்பலாமா அண்ணாச்சி?" என்றாள் சந்தனமாரி.

"கொஞ்சம் பொறு தாயி. எல்லாரும் அப்படியே நில்லுங்க. இங்க நாலு சுவர் எழுப்பணும். எங்கன்னு நீங்கதான் சொல்லணும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமா இருக்கும். கடலைப் பார்த்தே சொல்லுங்க."

கச்சேரி என்று கேலி பேசிய இசக்கிதான் முதலில் வாய் திறந்தாள்.

"ரோட்டோரமா வேண்டாம் அண்ணாச்சி."