மேலேயிருந்து எடுத்த படம்

"அழி அதை! இப்பவே அழி!"

மருத மரத்தடியில் நின்று கத்தினாள் செவலி என்ற புள்ளிமான். மேலே, கிளையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் முடுக்கன் என்ற குரங்கு. அவன் மடியில் ஒரு ரிமோட். ரிமோட்டில் ஒரு சின்னத் திரை. பக்கத்துக் கிளையில் ஒரு ட்ரோன்.

காடு பார்க்க வந்த யாரோ அதைப் பாறைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அப்புறம் என்ன? குரங்கு எடுத்துக்கொண்டது. மரத்திலெல்லாம் மோதி மோதி, கடைசியில் ஒழுங்காகப் பறக்கவும் விட்டது.

"எதுக்கக்கா இந்தக் கத்து கத்துறே? நான் தண்ணி தேடித்தானே விட்டேன்!" என்றான் முடுக்கன்.

அது உண்மைதான். கோடை. குளம் வெடித்துக் கிடந்தது. எல்லாரும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். முடுக்கன் ட்ரோனை மேலே அனுப்பினான். குன்றுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத ஒரு சுனை, திரையில் பளபளத்தது. காடே போய்க் குடித்தது. யானைகூட மரத்தடியில் வந்து நின்று, "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனது.

யானை வந்து குரங்கை வாழ்த்துவது என்ன சாதாரணமா? அதிலிருந்து முடுக்கனுக்குத் தரை கண்ணில் படவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் படத்தைப் போட்டுக் காட்டினான். கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான்.

இன்று செவலியைக் கூப்பிட்டான். அவளும் ஆசையாகத்தான் வந்தாள். படத்தில், ட்ரோன் சுனைக்குப் போகிற வழியில் ஒரு புல்வெளியைத் தாண்டியது. நடுவில் இரட்டைக் கறையான் புற்று. புற்றுக்குப் பக்கத்தில், காய்ந்த புல்லுக்குள் தலையைக் குனிந்தபடி ஒரு மான்.

அப்போது ஆரம்பித்ததுதான் இந்தக் கத்தல்.

"அது நான்! என் குட்டிக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருக்கேன்!"

முடுக்கன் திரையை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தான். "குட்டியே தெரியலையே! புல்லுதான் தெரியுது. தெரியாத குட்டியை யாரு பிடிக்கப் போறா?"

"நான் தெரியுறேனே, அது போதாதா? ரெட்டைப் புத்து தெரியுதே, அது போதாதா? பச்சைக் குட்டிடா அது. ஓடத் தெரியாது. அசையாம படுக்கத்தான் தெரியும். நான் பக்கத்துல நின்னா காட்டிக் கொடுத்துடுவேன்னு நாள் பூரா தள்ளி நின்னு மேயுறேன். அந்த இடம் எனக்கு மட்டுந்தான் தெரியும். என்னைக் கேட்டா எடுத்தே?"

"நான் காட்டை எடுத்தேன். நீ உள்ள வந்து நின்னா நான் என்ன பண்றது?"

"நான் எங்கேயும் வரலை. என் இடத்துல நின்னேன். நீதான் வந்தே!"

முடுக்கன் ரிமோட்டை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"சரிக்கா, சரி. அழிச்சிடறேன். போ."

"என் கண்ணு முன்னால அழி."

"என்னை நம்ப மாட்டியா நீ?"

குரங்கை நம்பாமல் மான் எப்படி வாழ்வது? புலி வந்தால் குரங்குதான் முதலில் பார்க்கும். மரத்திலிருந்து கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் மான்கள் இத்தனை காலம் பிழைத்துக் கிடக்கின்றன. நம்பினாள். போனாள்.

அவள் போனதும் முடுக்கன் விரலை அழிக்கிற பொத்தானுக்குக் கொண்டுபோனான். பொய் இல்லை, கொண்டுபோனான். ஆனால் மானும் சுனையும் ஒரே படத்தில் இருந்தன. மான் போனால் சுனையும் போய்விடும். யானை வாழ்த்திய சுனை!

'அப்புறம் பார்த்துக்கலாம்.'

விரலை எடுத்துவிட்டான்.

வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் ஓரி வந்தான். நரி.

"மாப்ளே! காடு பூரா உன் படத்தைப் பத்தித்தான் பேச்சு. நான் ஒருத்தன்தான் பார்க்கலை."

"உனக்கு எதுக்குப் படம்? சுனைதான் இருக்கே. போய்க் குடி."

"அதுவும் சரிதான். யானைக்குக் காட்டுவே, நரிக்கு எதுக்குக் காட்டணும்!" ஓரி திரும்பி இரண்டு அடி வைத்தான். "அது சரி, இந்தப் பெட்டி எங்கே பறக்கப் போவுது! நீயே எங்கேயோ மோப்பம் பிடிச்சிட்டு வந்து கதை விட்டிருப்பே."

முடுக்கனுக்குச் சுருக்கென்றது. "கதையா? வந்து பாரு!"

தாழ்ந்த கிளைக்கு இறங்கினான். திரையைத் திருப்பிக் காட்டினான். புல்வெளி வந்தது. புற்று வந்தது. மான் வந்து போனது. முடுக்கன் சுனை வருவதற்காகத்தான் காத்திருந்தான்.

"தோ! பார்த்தியா தண்ணியை!"

"அருமை மாப்ளே! முதல்லேர்ந்து ஒரு தரம் போடு."

போட்டான். இந்தத் தடவை சுனை வரும்வரை ஓரி நிற்கவில்லை. சுனை இருக்கும் பக்கமும் போகவில்லை. புல்வெளியைப் பார்த்து ஓடினான்.

முடுக்கனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரிமோட்டைப் போட்டுவிட்டு மர உச்சிக்குத் தாவினான். தொண்டை கிழியக் கத்தினான். மேய்ந்துகொண்டிருந்த மான்கள் விலுக்கென்று தலை தூக்கின. கூட்டமே சிதறி ஓடியது.

புல்லுக்குள் படுத்திருந்த குட்டியும் அந்தக் கத்தலைக் கேட்டது. குரங்கு கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். தலையைத் தரையோடு வைத்துக்கொள். மூச்சைக்கூட மெல்ல விடு. என்ன நடந்தாலும் அசையாதே.

குட்டி அசையவில்லை.

ஓரி தேடவே இல்லை. நேராகப் போனான்.

எல்லாவற்றையும் முடுக்கன் உச்சியிலிருந்து பார்த்தான். ட்ரோன் இல்லாமலே தெரிந்தது.

செவலியும் ஓடித்தான் வந்தாள். முன்னங்காலால் மாறி மாறி உதைத்தாள். ஓரி வாயில் இருந்ததை விட்டுவிட்டு ஓடினான். குட்டி எழுந்திருக்கவில்லை. அவள் நக்கிப் பார்த்தாள். மூக்கால் தள்ளிப் பார்த்தாள். எழுந்திருக்கவே இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் மரத்தடிக்கு வந்தாள். இப்போது கத்தவில்லை. கத்தியிருந்தால் முடுக்கனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் குட்டியைக் காட்டலைக்கா," என்றான். "சுனையைத்தான் காட்டினேன். அவன் ஓடினதும் கத்தினேன்கூட!"

"கேட்டுச்சு," என்றாள் செவலி. "அதுக்கும் கேட்டுச்சு."

பிறகு புல்வெளிப் பக்கமே திரும்பி நடந்தாள்.

நமக்கு மேலேயிருந்து பார்க்க வசதி இருக்கிறது என்பதால் அடுத்தவர் வாழும் இடம் நம் சொத்தாகிவிடாது, அதைப் பிடித்துவைத்த படத்தை அழி என்று அவர் சொன்னால் அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும், முடுக்கன் அழிக்கவில்லை.