தலைக்குப் பின்னால் ஒரு மலை

வைக்கல்சாமிக்கு வயது முப்பத்துநான்கு. அவருடைய சீடர் தவபாலனுக்கு ஐம்பத்தொன்று. இது என்ன தலைகீழ் வழக்கு என்று கேட்டவர்கள் உண்டு. சாமியிடம் ஒருதரம் போய் வந்த பிறகு அவர்கள் கேட்பதில்லை.

சுவிஸ் நாட்டின் மலைக்கிராமம் ஒன்றில், மாட்டுக்கு வைக்கல் அடுக்கிவைத்த பழைய மரக்கொட்டிலை வாடகைக்கு எடுத்துச் சாமி குடியிருந்தார். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். வாசலில் நின்றால் எதிரே பனிமலை முழுசாகத் தெரியும்.

தவபாலனுக்கு அந்தக் கிராமத்து ஓட்டலில் சமையல் வேலை. எட்டு மாதத்துக்கு முன் கொதி எண்ணெய் தெறித்து இடது கன்னம் காதுவரை வெந்துபோனது. காயம் ஆறிவிட்டது. தோல் மட்டும் சுருங்கிச் சிவந்து அப்படியே நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி பவளராணிக்கு அவர் அதைச் சொல்லவில்லை. முதலில், பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று சொல்லவில்லை.

முகம் பார்த்துக் கதைப்பதை நிறுத்தினார்; பிறகு குரலில் கதைப்பதையும் நிறுத்தினார். மலையில் சிக்னல் இல்லை என்றார். அதற்குப் பதிலாகத் தினமும் ஒரு மலைப்படம் அனுப்பினார். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து படம் மட்டும் எப்படி வருகிறது என்று பவளராணி கேட்கவில்லை. கேட்காமல் விட்டாளே தவிர, யோசிக்காமல் விடவில்லை.

ஒரு நாள் மத்தியானச் சமையல் முடிந்த கையோடு தவபாலன் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். வழக்கம்போல இடது கன்னம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

"சாமி, மனிசி வரமாட்டாவாம்."

"ஏனாம்?"

"ஆறு வருசம் அலைஞ்சு இப்பத்தான் விசா சரிவந்தது. வாற வியாழக்கிழமை பாஸ்போட்டைக் கொண்டு கொழும்புக்குப் போகவேணும். போகமாட்டன் எண்டு நிக்கிறா. கேளுங்கோ."

பவளராணி அனுப்பியிருந்த குரல்பதிவு கைப்பேசியில் ஓடியது. "உங்கட மலையளைப் பாத்துப் பாத்து எனக்குக் கண் பூத்துப்போச்சு. மலையைப் பாக்க நான் ஏன் அங்க வரவேணும்? இஞ்ச கீரிமலை கிடக்கு. எனக்கு அது காணும்."

கீரிமலையில் மலை கிடையாது. கடலும் கேணியும்தான் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த யாரும் அறிந்தது. அவள் எவ்வளவு கோபத்தில் இருக்கிறாள் என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது.

சாமி வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்கார மனிசி."

"எனக்கு நெஞ்சு பதறுது, நீங்கள் சிரிக்கிறியள். சொல்லுங்கோ சாமி, எந்த மலையை எப்பிடிக் காட்டினால் அவ வருவா?"

"இண்டைக்குப் படம் அனுப்பீட்டீரோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப எடும். இந்த வாசலில நிண்டு எடும்."

தவபாலன் கைப்பேசியை உயர்த்தினார். சிகரம், அதன் கீழே ஊசியிலை மரங்கள், ஓரத்தில் கொஞ்சம் முகில். அருமையாக அமைந்திருந்தது. எடுக்கப் போகும் நேரம் சாமி முன்னால் வந்து நின்றார்.

"சாமி, கொஞ்சம் விலத்துங்கோ."

சாமி விலகினார். தவபாலன் மறுபடி பார்த்தார். சாமி மறுபடி உள்ளே வந்தார். தவபாலன் வலப்பக்கம் நகர்ந்தார். சாமியும் நகர்ந்தார். மூன்றாம் தரம் தவபாலனுக்குப் பொறுமை போய்விட்டது.

"சாமி! நடுவில வந்து நிண்டால் மலை எப்பிடித் தெரியும்? மறைக்கிறியள்!"

"நான் மலையை மறைக்கிறன்," என்றார் சாமி. "உம்மட மலை ஆரை மறைக்குது?"

தவபாலனின் கை தானாகக் கீழே இறங்கியது. மற்றக் கை கன்னத்துக்குப் போனது.

"பயமாக் கிடக்கு சாமி. இதைப் பாத்திட்டு அவ..."

சாமி கையை நீட்டினார். கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "போய் அந்த வேலியோட நில்லும்."

தவபாலன் போய் நின்றார். பழக்க தோசத்தில் வலது கன்னத்தைக் காட்டினார்.

"மற்றப் பக்கம்."

திரும்பினார்.

"இப்ப என்னை நேர பாரும்."

எடுத்தாயிற்று. படம் நிறைய அவர் முகம். காதை மூடாத கம்பளித் தொப்பி. சிவந்த கன்னம். தலைக்குப் பின்னால் மலை பாதிதான் தெரிந்தது.

"ஏதும் எழுதட்டோ?"

"வேண்டாம். அனுப்பும்."

அனுப்பினார். அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு கோடும் நீலமாயின. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சாமி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அது ஆறி ஆடை படர்ந்தது. தவபாலன் குடிக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தார்.

கைப்பேசி ஒலித்தது. அவளுடைய குரல்பதிவு. கொஞ்ச நேரம் வெறும் அழுகை. பிறகுதான் பேச்சு வந்தது.

"இஞ்சேருங்கோ, இவ்வளவுதானோ? ஐயோ, இவ்வளவுதானோ? நான் என்னென்னத்தை எல்லாம் நினைச்சுப்போட்டன். வேற ஆரையும் கட்டிட்டியளோ எண்டு நினைச்சன். ஆள் செத்துப்போய், கூட இருந்த பெடியள் உங்கட போனில இருந்து மலையை அனுப்பினமோ எண்டும் நினைச்சன். விசர் மனிசன்! இப்பவும் எரியுதோ? எந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கிறனீங்கள்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குரல் கொஞ்சம் தெளிந்தது.

"தலைக்குப் பின்னால நிக்கிறது மலையோ? என்ன வடிவு! இவ்வளவு நாளும் எனக்கு இதைக் காட்டேல்லையே நீங்கள்? தலை மறைக்கிற பக்கத்தில என்ன கிடக்கு?"

தவபாலனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வேலியோடு சாய்ந்துகொண்டார்.

"சாமி, இதே மலையை இருநூறு தரத்துக்கு மேல அனுப்பினனான். ஒருநாளும் வடிவெண்டு சொன்னதில்லை. இப்ப மறைஞ்ச பக்கத்தில என்ன கிடக்கு எண்டு கேக்கிறா." கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை மலைப்பக்கம் நீட்டினார். "நான் விலத்தி நிண்டு இன்னொண்டு எடுத்து அனுப்பட்டோ?"

சாமி ஆறிப்போன தேத்தண்ணியைப் புல்லில் ஊற்றிவிட்டு, சூடாக வேறு ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"வேண்டாம்," என்றார். "வந்து பாக்கச் சொல்லும்."